அப்பாவின் பத்மினி மீண்டும் உயிர்பெற்ற நாள்

அப்பா ஓட்டிய 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார், எங்கள் வீட்டுக் கொட்டகையில் 11 ஆண்டுகள் அசையாமல் நின்றது. உடனே சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர்களில் சிறிது எஞ்சின் ஆயிலை விட்டு இரண்டு நாள் ஊறவைத்த பிறகே, எஞ்சினின் முதன்மைத் தண்டு முனையிலுள்ள கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் சுற்றினேன். பிஸ்டன் வளையங்கள் துருவால் ஒட்டியிருக்கும்போது செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால் அவை உடைந்துவிடக்கூடும். இறுகிப் பிடித்திருந்த எஞ்சின் மெல்ல அசைந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

டேங்கில் கிடந்த பெட்ரோல், வார்னிஷ் நாற்றத்துடன் பழுப்பேறித் தடித்திருந்தது. அதே பிசின்தான் பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட் நுண்துளையையும் அடைத்திருந்தது. இரண்டையும் சுத்தம் செய்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, புதிய பேட்டரியை இணைத்ததும், நான்காம் முயற்சியில் அந்த 1089 சிசி எஞ்சின் புகை கக்கியபடி ஓடத் தொடங்கியது. ஆனாலும், பிரேக் சிலிண்டர்களின் ரப்பர் சீல்களை மாற்றாமல் வண்டியைத் தெருவில் இறக்கப் போவதில்லை.