கச்சான் காலத்துப் பாம்பன்

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டி ஏறியதும் எல்லார் கைப்பேசியும் ரயில் பாலத்தைத்தான் தேடும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும். பார்க்க வேண்டியதுதான். ஆனால் கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் போகிறவர்கள் கொஞ்சம் தண்ணீரையும் பாருங்கள். ராமேஸ்வரம் போகும்போது வலக்கைப் பக்கம் இருப்பது மன்னார் வளைகுடா, ஊர்ப் பேச்சில் தென்கடல். இடக்கைப் பக்கம் பாக் விரிகுடா, வடகடல். நான் போன ஆடியில் வலது பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை நுரை. அடிக்கிற காற்றில் பாலத்தில் நின்றால் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. இடது பக்கமோ வெளிர்ப்பச்சையாய், அலையே இல்லாமல் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே இந்தப் பாலம் மட்டும்தான்.

இந்த வித்தியாசத்துக்காகவே பாம்பனில் இறங்கித் தங்கினேன். தெற்குவாடிப் பக்கம் ஒரு டீக்கடை. அதை ஒட்டிய கொட்டகையில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். கால் கட்டை விரலில் வலைக்கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்து, கையில் ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. தலை நிமிரவில்லை.

“கடலுக்குப் போகலையா ஐயா?”

“கச்சான் போட்டு அடிக்கிது, எங்க போறது? தெக்க எறங்குனா வலை கிழியும், வள்ளம் ஒடையும். வடக்க போனா மீனு கம்மி. ஆனா ராத்திரி வீடு வந்து சேந்துரலாம்.”

கைப்பேசியில் காற்றுச் செயலியைத் திறந்து காட்டினேன். வண்ண வண்ண அம்புகள், மணிக்கு 35 கி.மீ. என்றது. ஒரு பார்வை பார்த்தார். “இது காத்தக் காட்டுது தம்பி. நீவாடு எப்புடி ஓடுதுன்னு காட்டுதா?” நான் வாயை மூடிக்கொண்டேன். காற்று ஒரு பக்கமும் நீவாடு, அதாவது நீரோட்டம், அதற்கு எதிர்ப்பக்கமும் போனால் அலை குறுகிச் செங்குத்தாக எழும்பும். பாலத்தடிக் கால்வாயில் கச்சான் காலத்தில் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய வழி என்பதால் வேகமும் அதிகம். அங்கே படகு ஓட்டுகிறவருக்கு அம்புக்குறி மட்டும் போதாது.

கச்சான் என்பது தென்மேற்குக் காற்று. கேரளத்துக்கு மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வரும்போது ஈரம் போய் வேகம் மட்டும் மிச்சமிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கையின் நடுமலைகளுக்கும் இடையே உள்ள வெளியில் நெருக்கிக்கொண்டு பாய்வதால் மன்னார் வளைகுடாவில் அது இன்னும் கூடுகிறது. காற்றின் வேகம் மட்டுமே அலையைத் தீர்மானிப்பதில்லை. அந்தக் காற்று தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர் மேல் ஓடி வந்தது என்பதும் சேர வேண்டும். தென்கடலுக்கு வாசல் இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்திருக்கிறது. ஓடி வர இடமுண்டு. வடகரையில் அதே காற்று நிலத்தைத் தாண்டி அப்போதுதான் தண்ணீரைத் தொடுகிறது. அலை எழும்ப அதற்குத் தூரமே கிடைப்பதில்லை.

வடகரையில் இன்னொரு வேடிக்கை. காற்று தண்ணீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் கடல் பல அடி பின்வாங்கும். படகெல்லாம் ஒருக்களித்துச் சேற்றில் கிடக்கும். பாசியும் சிப்பியும் வெளியே தெரியும். உடனே தொலைக்காட்சியில் “கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்” என்று ஓடும். அச்சப்பட்டவர் ஒருவரையும் நான் அங்கே பார்க்கவில்லை. படகு மிதக்கட்டும் என்று பீடி பற்றவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

நான் இருந்தபோது துறைமுகத்தில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். வெயில் கொளுத்துகிறது, வானத்தில் ஒரு மேகம் இல்லை. சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று “இதுக்குப் போய் புயல் கூண்டா?” என்று சிரித்தது. ஒன்று, இரண்டு எண்கள் தொலைவில் உள்ள புயல் சின்னத்துக்கானவை. ஒடிசா பக்கம் தாழ்வு மண்டலம் உருவானாலும் இங்கே ஏற்றுவார்கள். மூன்று, நான்கு வந்தால்தான் இந்தத் துறைமுகத்தையே மோசமான வானிலை தொடலாம் என்று பொருள். ஐந்து முதல் ஏழு அபாயம், எட்டு முதல் பத்து பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இரவில் கூண்டு தெரியாது என்பதால் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள்.

சின்னம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள மாலுமிகளின் பழைய வழி ஒன்றுண்டு. பூமியின் வடபாதியில், காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும். பாம்பன் கரையில் கச்சானுக்கு முதுகு காட்டி நின்று பார்த்தேன். இடது கை ஏறக்குறைய வடக்கே காட்டியது. ஒடிசாவும் அந்தப் பக்கம்தான். செயலியும் அதையேதான் சொன்னது.

பிறகு ஒரு மார்கழியில் போனேன். எல்லாம் தலைகீழ். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வர, வடகடல் பழுப்பாய்க் கலங்கிக் கரையை அறைந்துகொண்டிருந்தது; குந்துகால் பக்கம் தென்கடல் கண்ணாடி. தனுஷ்கோடியில் ஜீப்காரர்கள் “இது ஆண்கடல், அது பெண்கடல்” என்று தெற்கையும் வடக்கையும் காட்டிச் சொல்வார்கள். பாதி உண்மை. அமைதியும் ஆவேசமும் இங்கே ஆறு மாதக் குத்தகை. மார்கழியில் வந்து பார்த்தால் பெண்கடல் என்று பெயர் வைத்தவரைத் தேட வேண்டியிருக்கும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான். அங்கே அலை உயரமாக வராது, ஆனால் நெருக்கி நெருக்கி வரும். ஒன்றில் ஏறிய வள்ளம் இறங்குவதற்குள் அடுத்தது அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், அடிக்கும். தென்கடலின் நீண்ட அலையில் ஏறி இறங்கிப் பழகியவர்களுக்குக்கூட இது இடுப்பை ஒடிக்கும் என்றார்கள்.

ஆழமில்லாத அந்தக் கடல்தான் 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது. அந்தப் புயல் பிறந்ததே நிலநடுக்கோட்டுக்கு அருகே, சுமார் 5 பாகை வடக்கில். அவ்வளவு தெற்கே பூமிச் சுழற்சியின் விளைவு பலவீனம் என்பதால் புயல் சுழன்று உருவாவது அபூர்வம். காற்று குவித்த தண்ணீர் ஆழமான கடலில் கீழே இறங்கிப் பரவிவிடும். இங்கே போக வழியில்லாமல் கரைமேல் ஏறியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் முழுதாகக் கடலோடு போனது. சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தவர் ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன். தனுஷ்கோடியைத் திரும்பக் கட்டவில்லை. தேவாலயத்தின் சுவர் நிற்கிறது, பவளப்பாறைக் கல்லில் கட்டியது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் பூப்போல் வரிகள்.

காற்றே இல்லாத நாளில் வரும் அலை ஒன்றுண்டு. கேரளத்தில் கள்ளக்கடல் என்பார்கள். கன்னியாகுமரிக் கரை அது வரும் திசைக்கு நேர் எதிரே இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த சூறாவளி எழுப்பிய அலை, நான்கைந்து நாள் பயணம் செய்து, உள்ளூரில் வானம் நீலமாக இருக்கும்போது வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இப்படி ஒரு நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம் இந்த அலைக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. தென்கரைக்குப் போகிறவர்கள் மழை முன்னறிவிப்போடு அதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாம்பனுக்கு என்றால் இரண்டு பருவமும் பார்க்கத் தகும். ஆடியில் போனால் பாலத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்தில் காற்று இன்னும் ஏறும், சின்னப் பிள்ளைகள் கையை விடாதீர்கள். மார்கழியில் தென்கரைத் தண்ணீர் தெளிவாக இருக்கும், மழைக்கு ஒரு குடை வேண்டும். தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனையில் மட்டும் எந்த மாதமும் குளிக்க இறங்க வேண்டாம். முனையைச் சுற்றி இழுக்கும் நீவாடு மேலே தெரியாது. காவலுக்கு நிற்பவர்கள் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.