பணம் எடுக்கும் படலம்: அக்டோபர் நாட்குறிப்பு

அக்டோபர் 9, 2025, வியாழன்

ரெண்டு நாளா யோசிச்சு இன்னைக்கு முடிவு பண்ணிட்டேன், அந்த அமெரிக்க ஸ்டாக் ஆப்ல கிடக்குற காச வெளிய எடுத்துரணும். மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போட்டது. மாசக் கடைசிக்குள்ள ஒரு தவணை கட்டணும், வேற எதுலயும் கை வைக்க மனசில்ல. சரின்னு ஆப்ப தொறந்தா, பணம் போடுற பட்டன் மொத பக்கத்துலயே பச்ச கலர்ல கண்ண குத்துது. எடுக்குற பட்டன தேடித் தேடி ப்ரொஃபைல், அதுக்குள்ள அக்கவுண்ட், அதுக்குள்ள டிரான்ஸ்ஃபர், அதுலயும் அடி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணா சாம்பல் கலர்ல ஒரு ஓரமா உக்காந்திருக்கு.

அழுத்துனா ரெண்டு வழி காட்டுது. ஒன்னு ஏசிஹெச், ஃபீஸ் கிடையாது, ஆனா அமெரிக்காவுக்குள்ள இருக்குற பேங்க் அக்கவுண்டுக்கு மட்டும்தான் போகும், ஒம்போது இலக்க ரவுட்டிங் நம்பர் கேக்குது. நமக்கு அங்க ஏது பேங்க். இன்னொன்னு இன்டர்நேஷனல் வயர், அதாவது நாடு தாண்டி பேங்குக்கு பேங்க் அனுப்புறது, ஒரு தடவைக்கு 25 டாலர். ஆக வெளிநாட்டுக்காரனுக்கு ஒரே வாசல், அதுக்கும் டிக்கெட்டு.

நாளைக்கு சந்தை தொறந்ததும் வித்துரணும்.


அக்டோபர் 10, வெள்ளி

நியூயார்க்ல காலைல ஒம்பதரைக்கு மணி அடிக்கும், இங்க அப்ப இருட்டிருச்சு. ரெண்டு கம்பெனி பங்கையும் வித்தேன், மொத்தம் 4,180 டாலர். வித்த அடுத்த செகண்டே ஸ்க்ரீன்ல பணம் வந்துருச்சு, ஆகா வேல முடிஞ்சுதுன்னு எடுக்கப் போனா, "எடுக்கக்கூடிய தொகை: 0". அப்ப மேல தெரியுற 4,180 என்னன்னா அது பையிங் பவராம். அதாவது இந்த காச வச்சு வேற பங்கு வாங்கிக்கலாம், ஆனா வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. கல்யாண வீட்ல நக போட்டுப் பாக்கலாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதங்குற மாதிரி.

காரணம் செட்டில்மென்ட். நாம வித்தது வாங்குனவன் கைக்குப் போய் அவன் காசு நம்ம கணக்குக்கு முறையா வந்து சேர ஒரு வேல நாள் ஆகும், அத டி+1ங்குறாங்க. 2024 மே 28க்கு முன்னாடி ரெண்டு நாளாம், அன்னைலருந்துதான் ஒன்னாக்குனாங்க. அப்ப வெள்ளிக்கிழம வித்தா திங்கக்கிழம கணக்கு சரி. நிம்மதியா தூங்கப் போறேன்.


அக்டோபர் 13, திங்கள்

நிம்மதி போச்சு. இன்னும் 0 தான்.

மொதல்ல ஆப் தப்புன்னு நெனச்சேன், அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணேன், அப்பவும் 0. சந்தை இன்னைக்கு நல்லாதான் ஓடிட்டிருக்கு, வில ஏறுது எறங்குது, அப்புறம் என்ன கேடுன்னு பாத்தா இன்னைக்கு அங்க கொலம்பஸ் டே. பங்குச்சந்தைக்கு லீவு இல்ல, ஆனா பேங்குக்கு லீவு! செட்டில்மென்ட்டுங்குறது பேங்க் வழியா நடக்குற சமாச்சாரம், அதனால இந்த நாள் வேல நாள் கணக்குல வராது. வெள்ளிக்கிழம வித்ததும் இன்னைக்கு விக்குறதும் ரெண்டுமே நாளைக்குத்தான் சேந்து செட்டில் ஆகும். நவம்பர் 11 வெட்டரன்ஸ் டேக்கும் இதே கததான், சந்தை உண்டு பேங்க் இல்ல. எங்கயோ 1492ல வழி தெரியாம போய் எறங்குன மனுசனுக்காக நான் இங்க ஒரு நாள் காத்திருக்கேன்.


அக்டோபர் 14, செவ்வாய்

4,180 முழுசா எடுக்கலாம்னு காட்டுது. ஆனா உள்ள போனதும் மஞ்ச கலர்ல ஒரு பட்ட, டபிள்யூ-8பென் ஃபார்ம புதுப்பிங்கன்னு. நான் அமெரிக்கக் குடிமகன் இல்ல, வரிக் கணக்குக்கு அங்க குடியிருக்குறவனும் இல்லன்னு சொல்ற ஃபார்ம் அது. கையெழுத்து போட்ட வருஷத்துக்கு அடுத்த மூணாவது வருஷக் கடைசி வரைக்கும் செல்லும், நான் 2022ல போட்டது, அப்ப இந்த டிசம்பர் 31 வரைக்கும் உயிர் இருக்கு. இருந்தாலும் இப்பவே முடிச்சுட்டேன். அது இல்லாமப் போனா தலவலி, இப்பவே டிவிடெண்ட்ல, அதான் கம்பெனி லாபத்துலருந்து நமக்குத் தர்ற காசுல, 30 சதவீதம் பிடிச்சுட்டுத்தான் தர்றாங்க (வரி ஒப்பந்தம் இருக்குற நாட்டுக்காரங்களுக்கு கொறச்சல்), ஃபார்ம் காலாவதியான பிறகு பங்கு வித்த காசுலயே 24 சதவீதம் பிடிப்பாங்க. ஃபார்ம் உயிரோட இருக்குறவரைக்கும் என்ன மாதிரி வெளிய இருக்குறவன் பங்கு வித்த லாபத்துல பொதுவா அவங்க கை வைக்குறதில்ல, அதுக்கு நம்ம நாட்டு வரி தனியா பாத்துக்கணும்.

அடுத்து பேங்க் விவரம். ஸ்விஃப்ட் கோடு, அதாவது வெளிநாட்டுலருந்து காசு வர நம்ம பேங்க அடையாளம் காட்டுறது, எட்டு எழுத்தா பதினொன்னானு ஒரு குழப்பம். பேங்க்ல வேல பாக்குற ஃப்ரெண்டு ஒருத்தன கூப்ட்டேன்.

"மச்சி, மொத நாலு பேங்கு, அடுத்த ரெண்டு நாடு, அடுத்த ரெண்டு ஊரு மாதிரி வச்சுக்கோ, கடைசி மூணு பிராஞ்சு. எட்டு மட்டும் போட்டா ஹெட் ஆஃபீஸ்னு எடுத்துக்குவாங்க, காசு ஒன்னும் ஓடிப் போகாது."

"இன்டர்மீடியரி பேங்க்னு, நடுவுல நிக்குற பேங்காம், ஒரு கட்டம் இருக்கேடா?"

"உன் பேங்க கேட்டு போடு. உனக்கா தோணுறத போட்டின்னா நாலு நாள் சுத்தி வரும்."

கேட்டு போட்டேன். அனுப்பு பட்டன அழுத்துனேன். 25 போக 4,155 கிளம்புச்சு.


அக்டோபர் 16, வியாழன்

"உங்கள் வயர் அனுப்பப்பட்டது"ன்னு மெயில். கூடவே யூஇடிஆர்னு 36 எழுத்துல ஒரு நம்பர், இடையில கோடு போட்டு கோடு போட்டு. அந்த காசு எந்த பேங்க்ல நிக்குதுன்னு தேட இதுதான் அடையாளமாம். ரொம்ப நாளா எனக்கொரு தப்பு நெனப்பு, ஸ்விஃப்ட்டுன்னா அதுலதான் பணம் போகுதுன்னு. அதுல போறது தகவல் மட்டும்தான். இவன் கணக்குல கழிச்சுக்கோ அவன் கணக்குல கூட்டிக்கோன்னு ஒரு பேங்க் இன்னொரு பேங்குக்கு லெட்டர் போடுற கததான். நேரடிப் பழக்கம் இல்லாத ரெண்டு பேங்குக்கு நடுவுல ஒரு தரகர் பேங்க் வரும், அது சும்மா வராது, தன் பங்க எடுத்துக்கும்.

மெயில் மேல "டியர் மிஸ்டர்"னு போட்டு எங்க அப்பா பேரு. மூணு வருஷமா இந்த ஆப் எங்கப்பாவத்தான் கூப்பிட்டுட்டிருக்கு. லாஸ்ட் நேம் கட்டத்த காலியா விட முடியல, இனிஷியல் ஒத்த எழுத்தயும் ஏத்துக்கல, பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரி அப்பா பேரப் போட்டேன். ஒரு பங்கு கூட வாங்காத மனுசன் அவரு.


அக்டோபர் 19, ஞாயிறு

மூணு நாளாச்சு ஒன்னும் வரல, நடுவுல சனி ஞாயிறு வேற. பொறுக்க மாட்டாம நேத்து நெட்ல ஒரு எடத்துல பொதுவா கேள்வி போட்டேன், இந்த மாதிரி காசு வரலன்னு. அஞ்சு நிமிஷத்துல அந்த ஆப்போட லோகோவ போட்டுகிட்டு ஒரு ஆளு தனியா மெசேஜ் பண்றான். "சார் உங்க பணம் டாக்ஸ் க்ளியரன்ஸ்ல நிக்குது, 400 டாலர் கட்டுனா இன்னைக்கே ரிலீஸ், ஸ்க்ரீன் ஷேர் ஆப் ஒன்னு இறக்குங்க நானே பண்ணித் தரேன்". ஒரு நொடி மனசு ஆடிருச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஏன்னா அவன் சொன்னது நான் கேக்க ஆசப்பட்டது.

அப்புறம்தான் உறைச்சுது. நெசமான ப்ரோக்கர், அதாவது இந்த மாதிரி ஆப் நடத்துற கம்பெனி, ஃபீஸ் எடுக்கணும்னா நம்ம பணத்துலயே கழிச்சுக்குவான், மொதல்ல நீ கட்டு அப்புறம் தரேன்னு கேக்கவே மாட்டான். போலி ட்ரேடிங் ஆப்ல மாட்டுனவங்க கத பூரா இப்படித்தான், ஸ்க்ரீன்ல லட்சக்கணக்கா லாபம் தெரியும், எடுக்கப் போனா டாக்ஸ் கட்டு, கட்டுனா இன்னொரு டாக்ஸ். பிளாக் பண்ணிட்டு பாஸ்வேர்டயும் மாத்திட்டேன். கேள்வியயும் அழிச்சுட்டேன்.


அக்டோபர் 21, செவ்வாய்

பேங்குக்கு நேர்ல போனேன், 36 எழுத்தையும் பேப்பர்ல எழுதிகிட்டு. கவுண்டர்ல இருந்த அம்மா கண்ணாடிய ஏத்தி வச்சுகிட்டு ஒவ்வொரு எழுத்தா தட்டுனாங்க, நடுவுல ஒரு பூஜ்யத்த ஓன்னு அடிச்சு மறுபடி மொதல்ல இருந்து. கடைசில ஸ்க்ரீன என் பக்கம் திருப்பாமயே சொன்னாங்க.

"சார், பணம் வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டோம்."

"ஏங்க?"

"வந்த பேர் வேற, எங்க கணக்குல இருக்குற பேர் வேற."

என் பேங்க் அக்கவுண்ட் பல வருஷத்துக்கு முன்னாடி தொறந்தது, அதுல என் பேருக்கு முன்னாடி அப்பா பேரோட மொத எழுத்து மட்டும், ஒரு புள்ளி. வயர்ல என் பேரு, அதுக்குப் பின்னாடி அப்பாவோட முழுப் பேரு. நமக்குப் பாத்தா ரெண்டும் ஒரே ஆளு, கேள்வியே கிடையாது. மெஷினுக்கு ஒருத்தன் முன்னாடி ஒரு எழுத்தோட வர்றான், இன்னொருத்தன் பின்னாடி ஒரு முழு மனுசனோட வர்றான். "மேடம் அது இனிஷியல்தான், விரிச்சா இந்த பேர்தான் வரும்"னு சொன்னேன். "எனக்குத் தெரியுது சார், சிஸ்டத்துக்குத் தெரியாதே"ன்னாங்க. அவங்க மேல கோவப்பட முடியல, அவங்க பேட்ஜ்லயும் முன்னாடி ஒரு எழுத்தும் புள்ளியும்தான் இருந்துச்சு.

அடுத்தவன் அக்கவுண்டுக்குப் பணம் அனுப்ப மாட்டோம்னு ப்ரோக்கரும் கறாரா இருக்கான், அடுத்தவன் பேர்ல வர்றத வாங்க மாட்டோம்னு பேங்கும் கறாரா இருக்கு. பணமோசடிய தடுக்குற ரூல் அது, வேணும்தான். நடுவுல அடுத்தவன் நான்தான்.


அக்டோபர் 22, புதன்

ரெண்டுல ஒரு பேர மாத்தியாகணும். ஆப்ல மாத்த முடியாது, அது பாஸ்போர்ட்டோட ஒட்டிக் கிடக்கு. அதனால பேங்க்ல பாஸ்போர்ட் காப்பியும் ஒரு லெட்டரும் குடுத்தேன், இனிஷியல விரிச்சுப் போடுங்கன்னு. ரெண்டு வேல நாள்னாங்க.


அக்டோபர் 24, வெள்ளி

பணம் ஆப்புக்குத் திரும்பி வந்துருச்சு. 4,120. போனது 4,155. போகும்போது 15ம் வரும்போது 20ம் நடுவுல இருந்தவங்க எடுத்துருக்காங்க. வயர்ல செலவ யாரு ஏத்துக்குறதுன்னு ஒரு கட்டம் உண்டு. அனுப்புறவன் எல்லாத்தையும் கட்டுறதுன்னா அதுக்குப் பேரு OUR, பெறுறவன் தலைல கட்டுறதுன்னா BEN, ஆளுக்குக் கொஞ்சம்னா SHA. இந்த ஆப்ல SHA தவிர வேற தேர்ந்தெடுக்கவே விடல. ஆப் எடுத்த 25 திரும்ப வருமான்னு சாட்ல கேட்டேன், மொதல்ல பாட் வந்து நாலு தடவ நன்றி சொல்லுச்சு, அப்புறம் மனுசன் வந்து முடியாதுன்னாரு. சுருக்கமா சொன்னதுக்கு அவருக்குத்தான் நன்றி சொல்லணும்.


அக்டோபர் 27, திங்கள்

பேங்க் ஸ்டேட்மென்ட் புது பேரோட வந்துருச்சு. எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டோட வச்சுப் பாத்தேன், விரல வச்சு, சின்னப் பிள்ள படிக்குற மாதிரி. சரியா இருக்கு. அந்த ஸ்டேட்மென்ட்டையே ஆப்ல ஏத்திட்டு, மறுபடி அனுப்பு. 25 போக 4,095.


அக்டோபர் 29, புதன்

சாயங்காலம் எஸ்எம்எஸ். வந்துருச்சு! 4,080 டாலர், நடுவுல மறுபடி ஒரு 15. மொத்தமா எடுத்து வச்சு கூட்டிப் பாத்தா 4,180ல சரியா 100 டாலர் வழிச்செலவு, அதுல ஒரே தடவைல ஒழுங்கா வந்திருந்தா 40 தான் ஆகியிருக்கும், மிச்ச 60 அந்த ஒரு புள்ளிக்கு. இது போக டாலர நம்ம காசா மாத்துன ரேட்டு, நெட்ல காட்டுற ரேட்ட விட ஒன்றரை சதவீதம் கம்மியா போட்டுருக்காங்க, ஃபீஸ்னு எங்கயும் எழுதாததால இதுதான் யார் கண்ணுக்கும் படாது. எடுக்குறதா இருந்தா சின்னச் சின்னதா எடுக்காம ஒரே தடவைல எடுக்குறதுதான் கட்டுப்படி, 200 டாலர் எடுத்தாலும் இதே 40 தான்.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன், வந்துருச்சும்மான்னு. "யார் பேர்ல வந்துச்சு?"ன்னு கேட்டாங்க, அவங்களுக்கு இந்த ரெண்டு வாரமா அதுதான் சிரிப்பு.

எஸ்எம்எஸ்ஸ மறுபடி பாக்குறேன். "டியர் மிஸ்டர்", அப்புறம் அப்பா பேரு. இப்ப பேங்கும் ஆரம்பிச்சுருச்சு.


அக்டோபர் 31, வெள்ளி

தவணை கட்டியாச்சு. ஆப்ல இருந்து ஒரு நோட்டிஃபிகேஷன், விக்குறதுக்கு முன்னாடியே எனக்குச் சேர வேண்டியிருந்த ஒரு டிவிடெண்ட் இப்ப வந்துருக்காம், வரி போக 3.12 டாலர். எடுக்கணுமான்னு கேக்குது. எடுக்க 25 டாலர்.