புரோக்கா பகுதி எங்கே முடிகிறது?

மூளையின் இடது நெற்றி மடலின் கீழ்ப்புறத்தில் ஒரு வட்டமிட்டு, பேச்சுக்குரிய ‘புரோக்கா பகுதி’ என்று பெயரெழுதிவிடுவது பாடநூல் வழக்கம். அந்த வட்டத்தின் அளவு மட்டும் நூலுக்கு நூல் மாறுகிறது.

1861 ஏப்ரலில், பாரிசை அடுத்த பிசெத்ர் மருத்துவமனையில், லெபோர்ஞ் என்ற நோயாளி கால் தொற்றுக்காக அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் வந்தார். எதைக் கேட்டாலும் ‘தான், தான்’ என்பதே அவருடைய பதில். சினம் மிகுந்தால் ஒரு வசைச்சொல் வெளிப்படும். சில நாட்களில் அவர் இறந்தபின், மூன்றாம் நெற்றி மடிப்பில் சிதைவு இருப்பதைப் புரோக்கா கண்டார். அதே ஆண்டு பார்த்த லெலோங் என்ற முதியவருக்கு எஞ்சியவை ஐந்தே சொற்கள். எண் எதுவானாலும், ‘மூன்று’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல் ‘த்ருவா’வைக் குறைத்து ‘துவா’ என்றே சொன்ன அவர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டபோதும் அப்படியே சொல்லிவிட்டு, நான்கு விரல்களை உயர்த்திக் காட்டினார். அறிவு மழுங்கவில்லை, சொல்தான் தொலைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன்.

மூளையின் பக்கவாட்டில் ஓடும் ஆழமான சில்வியப் பள்ளத்திலிருந்து பிரியும் இரு சிறு கிளைகள் அந்த மூன்றாம் நெற்றி மடிப்பை மூன்றாகப் பிரிக்கின்றன: பின்னால் மூடி போன்ற பகுதி, நடுவில் முக்கோணப் பகுதி, முன்னால் கண்குழியை ஒட்டிய பகுதி. உயிரணுக்களின் அடுக்கமைப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1909இல் ஜெர்மானிய நரம்பியலாளர் புரோட்மன் வெளியிட்ட மூளை வரைபடத்தில் 44, 45 என எண்ணிட்ட இடங்கள் முதலிரண்டு பகுதிகளோடு ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. ஏறத்தாழ என்பதைக் கவனிக்க வேண்டும். உயிரணு அடுக்குகளின் எல்லை பள்ளங்களின் போக்கில் அமைவதில்லை, ஆளுக்கு ஆள் வேறுபடவும் செய்கிறது.

புரோக்கா அவ்விரு நோயாளிகளின் மூளைகளையும் வெட்டாமல் முழுதாகவே பதப்படுத்தி வைத்தது பின்னாளில் பெரும் பேறாயிற்று. 2007இல் ஆய்வாளர் டிரோங்கர்சும் உடனிருந்தோரும் அவற்றை எம்ஆர்ஐ கருவியில் படமெடுத்தபோது, சிதைவு மேற்பரப்போடு நிற்காமல், உள்ளே ஓடும் நரம்பிழைக் கற்றை வரை பரவியிருந்தது தெரிந்தது. லெலோங்கின் மூளையிலோ முக்கோணப் பகுதிக்குச் சேதமே இல்லை. இன்று புரோக்காவின் பெயரால் குறிக்கப்படும் இடமும் அவர் குறித்த இடமும் முற்றிலும் ஒன்றல்ல.

ஆகவேதான் அப்பகுதியில் கட்டியை அகற்றும் அறுவை மருத்துவர்கள் பெயரை நம்பிக் கத்தி வைப்பதில்லை. நோயாளியை விழிக்கச் செய்து எண்களைச் சொல்லச் சொல்கிறார்கள். மெல்லிய மின்னோட்டம் பட்டு எண்ணிக்கை தடைப்படும் இடத்தில் சிறு அடையாளச் சீட்டு வைக்கிறார்கள்.