கரும்பலகைக்குக் கரி பூசுவது

ஜூன் பிறந்தா பள்ளிக்கூடம். பேரப்பிள்ளைகள் புது பேக்கோட நிக்கும்போது, பழைய வட ஆற்காட்டுக் கிராமப் பள்ளிகளில் படித்த தாத்தா பாட்டிகளுக்கு முதல்ல நினைவு வருவது கரி பூசும் நாள்தான். அந்த வாசனையை இந்தப் பிள்ளைகளும் ஒரு தடவை பிடிக்கணும்.

ஒரு பழைய மரப்பலகை போதும். ஒரு கைப்பிடி அடுப்புக்கரி, இரண்டு கைப்பிடி கோவை இலை. வேலூர்ப் பக்கம் வேலியோரமெல்லாம் கோவைக்கொடி கிடக்கும். அந்தக் காலத்தில் ஊமத்தை இலையும் அரைத்தார்கள். அது விஷம், சின்னப் பிள்ளைகள் கை வைக்கிற வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

கரியில் சாம்பல் ஒட்டியிருந்தால் ஊதித் தட்டிடுங்க, இல்லாட்டி பலகை சாம்பல் நிறமாப் போயிடும். இடித்து, வேட்டித் துணியில் சலிக்கணும். இங்கேதான் பலரும் அவசரப்படுவாங்க. ஒரு குருணை தங்கினாலும் சாக்பீஸ் அந்த இடத்தில் தடுக்கி எகிறும். பிறகு இலையோடு சேர்த்து அம்மியில் மை போல அரைக்கணும். கரியைப் பலகையில் பிடித்து வைப்பது இலைச்சாறுதான். தண்ணீர் கூடினால், காய்ந்ததும் கையோட வந்துடும்.

துணிப்பந்தால் மெல்லிசா ஒரு பூச்சு, நிழலில் காய்ந்ததும் குறுக்கே இன்னொன்று. தடிமனாகப் பூசி நம்ம ஊர் வெயிலில் வைத்தால் செதில் செதிலா உரியும்.

எழுதியதை ஈரத்துணியால் அழிக்காதீங்க. உலர்ந்த துணி போதும்.