ஆட்டிசம்னா அப்படித்தானா?

"ஆட்டிசம்னா அப்படித்தாம்மா இருப்பாங்க." பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று போனால் கிடைக்கும் இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்கிறார்கள். பயம் வந்தால் மட்டும் ஆட்டிசமாம்.

என் மகனுக்கு 11 வயது. ஆட்டிசம் உண்டு; பேசுவதும் பழகுவதும் மற்ற பிள்ளைகள் மாதிரி இருக்காது. குடியாத்தத்தில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். மிஷின் ஓடினால் பக்கத்தில் வந்து நின்று, சக்கரத்தைப் பார்த்துக் கையை உதறுவான். சின்ன வயதிலிருந்தே உண்டு. அது அவன் குஷி. போன தீபாவளிக்குப் பிறகு வேறொன்று ஆரம்பித்தது. குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டே இருப்பான். விரலிடுக்கில் தோல் வெடித்துவிட்டது. கழுவும்போதும் அழுகை, குழாயை மூடினால் அதைவிட அழுகை. "இன்னாடி, புள்ள கைய தேய்ச்சிக்கினே கீறான்?" என்று முதலில் கண்டுபிடித்தது என் மாமியார்.

முதலில் போன இடத்தில் அந்தப் பதில்தான் கிடைத்தது. பிள்ளையின் கையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு வேலூரில் ஒரு குழந்தை மனநல மருத்துவரைப் பார்த்தோம். "பயமா இருக்கா?" என்று இவனைக் கேட்டார். இவனும் அதே ராகத்தில், "பயமா இருக்கா" என்றான். "வயிறு வலிக்குதா?" "வயிறு வலிக்குதா." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

எது பழசு, எது புதுசு? கையை உதறும்போது முகம் எப்படி இருக்கும், கழுவும்போது எப்படி? தடுத்தால் என்ன செய்வான்? தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம், வலிப்பு எல்லாம் கேட்டார். பல், காது, மலச்சிக்கல் வரைக்கும் பார்த்தார். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை அடம்பிடித்துத்தானே காட்டும்? ஜாக்கெட் அளவு நோட்டின் பின்பக்கத்தில் நான் தேதி போட்டு எழுதி வைத்திருந்ததை நீட்டினேன். பிள்ளையின் மனநிலையை அளக்க வைத்திருந்த கேள்வித்தாளைவிட அதைத்தான் அதிக நேரம் படித்தார். அந்தக் கேள்வித்தாள்களில் பெரும்பாலானவை மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் பிள்ளைகளுக்காகத் தயாரித்தவை. பாகாயம் சிஎம்சி மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆளும் தங்குவது பழைய வழக்கம். கூடவே இருந்து பார்க்கிற வீட்டு ஆளின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஓசிடி என்றார், அதாவது மனசை விடாமல் அரிக்கிற எண்ணத்தால் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்; கூடவே பதற்றமும். பெயரில் என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மருந்து இருக்கிறதே! ஓசிடிக்குக் கொடுக்கும் மாத்திரை, ஆட்டிசப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்கிற பழக்கங்களுக்குப் பெரிதாக வேலை செய்வதில்லை. கை உதறுவதை நிறுத்தவும் தேவையில்லை. ஆளை மாற்றிப் பிடித்தால் வைத்தியமே தப்பு.

இது அபூர்வமும் இல்லை. 2008-இல் இங்கிலாந்தில் 10 முதல் 14 வயதுவரை 112 ஆட்டிசப் பிள்ளைகளைப் பார்த்ததில், 70 சதவீதம் பேருக்கு வேறொரு மனநலப் பிரச்சினையாவது கூடவே இருந்தது. ஆனால் மனநலப் பிரச்சினைக்குப் பெயர் சொல்ல டாக்டர்கள் வைத்துக்கொள்ளும் அமெரிக்கக் கையேடு, ஆட்டிசத்தோடு ஏடிஹெச்டியையும் (கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை) சேர்த்துச் சொல்ல அனுமதித்ததே 2013-இல்தான். பழைய பழக்கம் லேசில் போகுமா?

இப்போது கைப்புண் ஆறி வருகிறது. கழுவுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. தூக்கம்தான் இன்னும் வழிக்கு வரவில்லை. மாத்திரையாலா, பயத்தாலா என்று அடுத்த தடவை கேட்கணும். வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று டீச்சரிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு போகணும்.