அப்பாவின் சீட்டு நோட்டு

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று புதுச்சேரியில் சொன்னார்கள். கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, "வயித்துப் புண்ணுதான்பா" என்று அவரிடம் பொய் சொன்னதுதான்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நர்ஸ்தான் முதுநகர் வீட்டுக்கு ஒரு சமூகப் பணியாளரை அழைத்து வந்தார். மனு எழுதித் தருபவர் போல என்று நினைத்தேன். மார்ஃபின் என்ற வலி மாத்திரையை வலி வரட்டும் என்று காத்திருக்காமல் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கணும், மலச்சிக்கலுக்கும் மருந்து சேர்க்கணும் என்று நர்ஸ் விளக்கினார். எவ்வளவு சொல்லியும், பழக்கமாகிவிடும் என்ற பயம் அம்மாவுக்குப் போகவில்லை.

அந்தச் சமூகப் பணியாளர் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ராத்திரி என்னய்யா யோசனை?" அவ்வளவுதான் கேட்டார். அப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சீட்டுல இன்னும் ரெண்டு பேருக்குப் பணம் தரணும். நான் போயிட்டா இவங்களத்தான கேப்பாங்க" என்றார். சமையலறை வாசலில் நின்றிருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

நோட்டு முருகர் படத்துக்குப் பின்னால் இருந்தது. நாலு நாளில் கணக்கை முடித்தோம். மாத்திரை அளவைக் கூட்டாமலே அப்பா தூங்கினார். இதை நானே நம்பியிருக்க மாட்டேன். 1967இல் லண்டனில், கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாக இருந்து, பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, அதற்கப்புறம்தான் டாக்டருக்குப் படித்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். உடம்பு, மனசு, குடும்பம், பணம் எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்றாராம்.

அக்கா இன்னொன்றும் சொன்னார்: பேங்கில் நாமினி போடுங்கள், வீட்டிலேயே உயிர் போனால் இறப்புக் காரணம் எழுதித் தர, இவரைப் பார்த்துவரும் டாக்டரிடம் இப்போதே பேசி வையுங்கள், 21 நாளுக்குள் பதிவு செய்யணும். உயிரோடு இருப்பவரை வைத்துக்கொண்டு இதென்ன பேச்சு என்று கோபம் வந்தது. ஆனால் அப்பா போன அந்த விடியற்காலை ஒரு போனோடு வேலை முடிந்தது.

காரியம் முடிந்து அக்கா மறுபடி வந்தார். அம்மா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று விசாரித்தார். மீந்த மார்ஃபினை வீட்டில் வைக்கக் கூடாது, திருப்பிக் கொடுக்கணும் என்று சொல்லி, மாத்திரைகளை எண்ணினார். அம்மா உள்ளே போய், அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த மூன்று மாத்திரைகளையும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.