நாக்கு மீன் குஞ்சுகளின் குடலாய்வு: ஓர் அனுபவம்

சேலத்தில் முதுகலை விலங்கியல் படித்தபோது, வெள்ளாற்றுக் கழிமுகத்தில் வளரும், தட்டை மீன் வகையான நாக்கு மீனின் குஞ்சுகள் எதைத் தின்கின்றன என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். கடலில்லாத ஊரிலிருந்து இது எதற்கு என்று பலரும் கேட்டார்கள். ஆனால் சேலம் மாவட்டத்து ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதியின் நீர் வெள்ளாற்றோடு போய்ப் பரங்கிப்பேட்டையில்தான் கடலைச் சேர்கிறது.

பாதி வேலை கரையிலேயே முடிந்துவிட வேண்டும். மீன் செத்த பிறகும் செரிமானம் உடனே நின்றுவிடுவதில்லை என்பதால், பனிக்கட்டியில் மட்டும் வைத்துப் பேருந்தில் சேலம் கொண்டுவந்தால் மென்மையான இரை கூழாகிவிடும். ஆகவே பிடித்தவுடன் வயிற்றில் சிறு கீறலிட்டு, உடலைக் கெடாமல் காக்கும் பத்து சதவீத ஃபார்மலின் கரைசலில் போட்டுவிடுவோம். வலையில் நெடுநேரம் கிடந்தவற்றை நெறியாளர் ஒதுக்கச் சொன்னார். அவை இரையைக் கக்கியிருக்கக்கூடும்.

இரு கண்களும் இடப்பக்கம் அமைந்த இம்மீனுக்கு வாய் சிறியது, இரைப்பையும் சிறியது, குடலோ நீண்டு சுருண்டு கிடக்கும். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சின் குடலைக் கிழியாமல் பிரிப்பதற்குக் கை பழக வேண்டும். நுண்ணோக்கியில் கோப்பெப்பாடு, ஆம்பிபாடு என்னும் சிறு ஓட்டுடலிகள் கால் உடைந்த நிலையிலும் எளிதில் தெரிந்தன. உடலில் முட்கள் கொண்ட கடற்புழுவான பாலிகீட் புழுவுக்கோ உடல் கரைந்துபோய், மெல்லிய முட்கள் மட்டும் கொத்தாக எஞ்சியிருந்தன. அந்த முட்களை அடையாளம் காணத் தெரியாதவர், புழுவே தின்னாத மீன் என்று எழுதிவிடுவார். இடையிடையே கிடந்த மணலைத் தனியே குறித்தேனே தவிர, உணவுக் கணக்கில் சேர்க்கவில்லை. சேற்றில் இரை பொறுக்கும்போது அதுவும் உள்ளே போய்விடுகிறது.

எண்ணிக்கையை மட்டும் நம்புவது தவறு என்பது என் உறுதியான கருத்து. எண்ணிக்கையில் கோப்பெப்பாடுகளே முந்தும். கன அளவிலோ ஒரே ஒரு புழு அவற்றையெல்லாம் விஞ்சிவிடும். அதனால் இரையின் கன அளவையும், எத்தனை குடல்களில் அது தென்பட்டது என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் நடராஜன், ஜிங்ரன் ஆகியோரின் 1961ஆம் ஆண்டுக் குறியீட்டைப் பயன்படுத்தினேன். மிகச் சிறிய குஞ்சுகளில் கோப்பெப்பாடுகளும், சற்றே வளர்ந்தவற்றில் பாலிகீட் புழுக்களும் மேலோங்கி நின்றன.

வாய்மொழித் தேர்வில், வெற்றுக் குடல்களை ஏன் அட்டவணையில் காட்டினீர்கள் என்று கேட்டார்கள். அவற்றை நீக்கினால் எல்லாக் குஞ்சுகளும் எந்நேரமும் தின்றுகொண்டிருந்தன என்றே படிப்பவர் எண்ணுவார் என்றேன். அட்டவணை அப்படியே ஏற்கப்பட்டது.